வர்க்கலாவில் மணல் எங்கே போனது?

வணக்கம் சார்,

வர்க்கலா நடப்பதற்கென்றே போகவேண்டிய ஊர் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதை நம்பி இந்த ஆடியில் போனோம், நான், மனைவி, அம்மா. எனக்குப் பந்தல் போடும் தொழில், ஆடியிலும் மார்கழியிலும்தான் கல்யாணம் இருக்காது, ஊர் சுற்ற முடியும். படங்களில் பார்த்த அகலமான மணல்வெளி அங்கே இல்லவே இல்லை. அலை நேராகக் குன்றின் காலில் வந்து மோதுகிறது, சிவப்புக் கொடி நட்டு யாரையும் இறங்கவிடவில்லை. மேலே இருந்த கடைகளில் முக்கால்வாசி மூடிக்கிடந்தன. அடுத்த நாள் பாபநாசம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். மூன்று நாள் திட்டத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினோம். ஊரே அவ்வளவுதானா, இல்லை மார்கழியில் இன்னொரு முறை போய்ப் பார்க்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. ஆனால் வீட்டில் இருக்கவும் மாட்டார்.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

போகலாம். ஆனால் எந்த மார்கழி நாளில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் அந்த மணல். யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை, கடலே எடுத்துவைத்திருந்தது. ஜூனில் தென்மேற்குப் பருவம் பிடித்ததும் உயரமான அலைகள் கரை மணலை வாரிக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்கடியில் திட்டாகப் போட்டுவைக்கும். மழை ஓய்ந்து கடல் அடங்கியபிறகு சின்ன அலைகள் அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். கேரளக் கரையின் பல இடங்களில் வருஷா வருஷம் நடப்பதுதான் இது. மற்ற இடங்களில் கடல் ஏறி வந்தாலும் பின்னால் கொஞ்சம் தரை இருக்கும், வர்க்கலாவில் பின்னால் செங்குத்தாகக் குன்று நிற்பதால் கரை என்று ஒன்று இருந்த அடையாளமே தெரியாது. நமக்கு மழைக்காலம் என்றாலே ஐப்பசி, கார்த்திகை. ஆடியில் காற்றைப் பார்ப்போமே தவிர கடலைப் பற்றி யோசிப்பதில்லை. மேற்குக் கரைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

அந்தக் கூட்டமும் அப்படித்தான். நீங்கள் பாபநாசம் போன அன்று ஆடி அமாவாசையாக இருக்கவேண்டும், நம் ஆட்கள் ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் அதே நாள். மலையாளிகளுக்கு அது கர்க்கடக வாவு, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க, அவர்கள் சொல்வதில் பலி இட, பாபநாசத்துக்கு ஆயிரக்கணக்கில் வருவார்கள். அதற்கென்றே போகிறவர்களுக்கு அது பெரிய நாள். கால் நனைக்கப் போனவருக்குக் கஷ்டம்தான்.

சரி, இப்போது ஊருக்கு வருவோம். வர்க்கலாவைக் கடற்கரை ஊர் என்று நினைத்துப் போகிறவர்கள் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள். கேரளக் கரை பெரும்பாலும் தட்டையானது, தென்னையும் மணலும் காயலும்தான். இங்கே நிலம் உயர்ந்து நின்று, திடீரென்று வெட்டுண்டு கடலைப் பார்க்கிறது. இந்திய புவியியல் ஆய்வுத் துறை இந்தக் குன்றைப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. இதே வகைப் படிவுகள் எங்கே இருந்தாலும் புவியியலாளர்கள் வர்க்கலாவின் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். மேலே நின்று தேநீர் குடிக்கிறவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது, காலுக்குக் கீழே இருப்பதை அங்கிருந்து எப்படிப் பார்ப்பது? மணல் திரும்பிய மாதங்களில் கீழே இறங்கி, அலை பின்வாங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று குன்றைப் பாருங்கள். உச்சியில் வீடு கட்ட வெட்டும் அந்தச் செம்புறைக்கல், துருப்பிடித்த சிவப்பு. அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணற்பாறை, சில இடங்களில் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிரும். இடையிடையே சாம்பல் நிறக் களிமண், அதில் அங்கங்கே கரிக்கோடு போல நிலக்கரிப் படிவு. மேலே பெய்த மழை மணலுக்குள் இறங்கிக் களிமண்ணில் தட்டி, அதற்கு மேல் இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசியும். அந்த வரி மட்டும் ஈரமாக, பாசியும் சிறு செடிகளுமாகப் பச்சையாகத் தெரியும். பாபநாசம் பக்கம் இப்படி வரும் ஊற்றுநீரில் மக்கள் குளிப்பார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், குன்றுக்கு மிக அருகில் துண்டை விரித்துப் படுக்கவேண்டாம், விளிம்பில் நின்று படம் எடுக்கவும் வேண்டாம். இந்தக் குன்று சரிந்துகொண்டே இருக்கிற குன்று. அதன் தலையில் இத்தனை ஹோட்டல்களையும் கழிவுநீர்க் குழிகளையும் ஏற்றியது எனக்குப் பிடிக்காத விஷயம். அந்தக் கடைகளில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டவன் சொல்கிற பேச்சா என்று கேட்டால் பதில் இல்லை.

நடைக்கு என் ஓட்டு வடக்குப் பக்கம். குன்றின் மேலே இருக்கும் ஹெலிபேடில் தொடங்கினால் முதலில் கடைவரிசை. அதைக் காலை ஏழு மணிக்கு முன்பே தாண்டிவிட்டால் விற்பவர்களும் இருக்கமாட்டார்கள், ஸ்கூட்டர்களும் இருக்காது. போகப் போகப் பாதை தணிந்து, கருமணல் கலந்த திருவம்பாடி கடற்கரையைத் தொட்டு ஓடயம், இடவா என்று போகும். சில இடங்களில் வீட்டு மதிலுக்கும் கடல் தடுப்புக் கற்களுக்கும் நடுவே ஒருவர் போகிற அகலம்தான். மீனவர்கள் கரையில் நின்று கரமடி என்ற பெரிய வலையை இழுக்கிற நாளாக இருந்தால் உங்கள் நடை அங்கேயே நின்றுவிடும், நிற்கட்டும். கடைசியில் காப்பில் என்ற இடம், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே மெல்லிய மணல் திட்டில் சாலை. காயல் கடலில் சேரும் வாய், அதாவது பொழி, அங்கேதான். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம், திரும்ப ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

இந்தக் கடல் மேற்கு பார்த்தது என்பதால் காலையில் குன்றின் நிழல் மணலில் விழும், ஒன்பது மணி வரை கூட வெயில் தெரியாமல் கீழே இருக்கலாம். மாலையில் நேர்மாறு, வெயில் குன்றின் முகத்தில் அடிக்கும், நிறங்கள் எல்லாம் அப்போதுதான் பிரிந்து தெரியும். ஊரே மேலே நின்று சூரியனைப் பார்க்கும்போது நீங்கள் கீழே நின்று குன்றைப் பார்க்கலாம். மேலே இருந்தால் செம்பருந்தைக் கவனியுங்கள். கடற்காற்று குன்றில் மோதி மேலெழும்புவதால் அது சிறகை அடிக்காமலே விளிம்போடு போய்வரும். பருந்தை நாம் எப்போதும் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறோம். இங்கே அது கண்மட்டத்துக்கும் கீழே பறக்கும், செம்பட்டை முதுகையும், திரும்பும்போது வாலை ஒரு பக்கமாகச் சாய்ப்பதையும் மேலிருந்து பார்க்கலாம்.

நீச்சல் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். நல்ல பருவத்திலும் உள்ளிழுப்பு உண்டு, உயிர்காப்பாளர் விசிலடித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

அம்மாவுக்கு: குன்றின் மேல் அறை எடுக்காதீர்கள், அங்கிருந்து கீழே வர செங்குத்தான படிகள். ஓடயம் பக்கம் எடுத்தால் கிட்டத்தட்டக் கடல் மட்டம்தான். பாபநாசத்துக்குச் சாலையே மணல்வரை போகிறது, ஜனார்த்தன சுவாமி கோயிலும் பக்கத்தில்தான், ஆனால் கோயிலுக்குப் படி உண்டு, அதை அவர் முடிவுசெய்யட்டும். நீங்கள் காப்பிலுக்கு நடக்கிற அன்று அவரை ஆட்டோவில் அங்கே வரச்சொல்லிவிடுங்கள், உங்களைவிட நன்றாகப் பொழுதைக் கழிப்பார். சாதி வேற்றுமையை எதிர்த்த துறவி நாராயண குரு 1928 இல் சமாதியான சிவகிரி மடத்துக்கு ஒரு காலைப்பொழுது வையுங்கள். டாகூர் 1922 இலும் காந்தி 1925 இலும் குருவைச் சந்தித்தது அங்கேதான். தெற்கே அஞ்சுதெங்கில் ஆங்கிலேயக் கம்பெனி 1690களில் கட்டிய கோட்டை இருக்கிறது. உள்ளே பார்க்க அதிகம் இல்லை, அரை மணி நேரம் போதும்.

இப்போது மார்கழி. டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரி தீர்த்தாடனம், மஞ்சள் உடுத்தியவர்கள் கேரளம் முழுவதிலிருந்தும் வருவார்கள். கூடவே கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம், அறை வாடகை ஏறிவிடும். அதனால் ஜனவரி 3க்கு மேல் போய்ப் பொங்கலுக்கு வீடு திரும்பிவிடுங்கள், மணலும் முழுதாக இருக்கும், தையில் முகூர்த்தம் தொடங்குவதற்குள் உங்கள் தொழிலுக்கும் வந்துவிடலாம். திருப்பூர் வழியாகத் திருவனந்தபுரம் போகும் ரயில்கள் சில அங்கே நிற்கும், முன்பதிவில் நிலையத்தின் பெயர் வர்க்கலா சிவகிரி என்று இருக்கும். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டுப் போடுங்கள்.