ஆற்றங்கரைக் குடோனைப் படகுப் பள்ளியாக்க: இடிக்காமல் தொடங்குங்கள்

கேள்வி: "தேங்காப்பட்டணத்துக்குச் சற்று மேலே, குழித்துறை ஆற்றின் கரையில் எங்கள் குடும்பத்துக்கு 22 சென்ட் இடமும் ஒரு பழைய கயிறு குடோனும் இருக்கின்றன. 1970-களில் தாத்தா கட்டியது. 80 அடி நீளம், 32 அடி அகலம், வெட்டுக்கல் சுவர், ஓட்டுக்கூரை. 12 வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. என் மாமா 40 வருடம் வள்ளம் கட்டியவர். அவர் கையில் இருக்கும் தொழிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்க ஆசை. குடோனை இடித்துவிட்டுப் பெரிய தகரக் கொட்டகை போடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும், ஐயா?"

பதில்: தயவுசெய்து இடிக்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்பானது அந்தப் பழைய குடோனின் அடித்தளம்தான். அது நிற்கும்வரை உங்களுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. இடித்த மறுநாள் உங்களிடம் இருப்பது ஆற்றங்கரையில் ஒரு வெற்று மனை. அந்த மனையில் மறுபடி ஒரு செங்கல் வைக்க அனுமதி கிடைக்குமா என்பது வேறு கதை.

காரணம் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி, நம் அலுவலகங்களில் சொல்லும் சி.ஆர்.இசட். கடற்கரைக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஓத நீர், அதாவது கடலின் ஏற்ற இறக்க நீர், ஏறி இறங்கும் ஆற்றுக்கும் அது பொருந்தும். 2011 அறிவிக்கையில் ஆற்றின் இருகரையிலும் உயர் ஓதக் கோட்டிலிருந்து (ஓத நீர் ஏறும் உச்ச எல்லை) 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அதுவரை. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. ஆறு எதுவரை ஓத ஆறு என்பதை, வருடத்தின் மிக வறண்ட காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை வருகிறது என்று பார்த்து வைக்கிறார்கள். ஆகவே கடல்நீர் மேலே ஏறாமலிருக்கக் கட்டிய பரக்காணி தடுப்பணைக்கு உங்கள் குடோன் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மேலே இருந்தால் விதி இலகுவாகலாம், ஆனால் கட்டிய படகைத் தடுப்பணை தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். கீழே இருந்தால் படகு நேரே கடலுக்கு இறங்கும், விதி இறுகும். எனக்குக் கீழே இருப்பதுதான் பிடிக்கும். தண்ணீரில் இறங்காத படகை வைத்துப் படகுப் பாடம் நடத்துவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

விதி இறுகினாலும் கதவு மூடவில்லை. கட்டுமானம் கூடாத பகுதியிலும், முறையாக இருந்துவரும் கட்டடத்தைப் பழைய அடித்தளப் பரப்பும் தளப்பரப்பும் கூடாமல் பழுதுபார்க்கலாம், திருப்பியும் கட்டலாம். அதோடு உள்ளூர் மீனவர்களுக்குத் தேவையான வசதிகள் என்ற வரிசையில் மீன் உலர்த்தும் களம், வலை பின்னும் கூடம் ஆகியவற்றுடன் பாரம்பரியப் படகு கட்டும் தளமும் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரி வேறு கிடைக்காது. விண்ணப்பத்தில் உங்கள் முதல் பத்தி அதுவாகவே இருக்கட்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் நடப்பிலுள்ள வரைபடத்தைக் காட்டச் சொல்லி, உங்கள் சர்வே எண் அதில் எங்கே விழுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

'முறையாக இருந்துவரும்' என்பதற்குச் சாட்சி வேண்டுமே. முதல் சி.ஆர்.இசட். அறிவிக்கை வந்தது 1991 பிப்ரவரியில். அதற்கு முந்தைய கட்டட வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடோன் வாடகைச் சீட்டு, எது கிடைத்தாலும் பொன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒரு நாள் உட்கார்ந்து அலசுங்கள்.

அதே பெட்டியில் மூலப்பத்திரமும் இருக்கும். 1956 நவம்பர் 1-க்கு முன் நம் மாவட்டம் திருவிதாங்கூர் பக்கம் என்பதால் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த பழைய ஆவண எழுத்தர் ஒருவரிடம் கொடுத்து எல்லைகளைத் தமிழில் எழுதி வாங்குங்கள். பிறகு சர்வேயரை வைத்து, புலப்பட நகலோடு இடத்தை அளந்துவிடுங்கள். ஆற்றங்கரை நிலத்தில் 22 சென்ட் என்று நாம் சொல்வதில் 4 சென்ட் ஆற்றுப் புறம்போக்காக இருப்பது சாதாரணம். ஆறு கரையைத் தின்றிருக்கும், அல்லது மண் சேர்ந்து கரை வளர்ந்திருக்கும், நாம் அதில் தென்னை வைத்திருப்போம். புறம்போக்கில் ஒரு தூண்கூட ஊன்றாதீர்கள். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, இனி குடோனுக்குள் வருவோம்.

உள்ளே போனதும் கூரையைப் பார்க்காதீர்கள், சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். வெட்டுக்கல் சுவரில் வெள்ளத்தின் கோடு இருக்கும். 2021 நவம்பர் வெள்ளம் வந்து வடிந்த உயரம் மங்கலான மண்வரியாக நிற்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளின் உபரிநீர் எல்லாம் இந்த ஒரே ஆற்றில்தான் இறங்குகிறது. இதற்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கோடு தெரியாவிட்டால் அக்கம்பக்கத்து வயதானவர்களைக் கூப்பிட்டு, "தண்ணி எதுவரை வந்தது?" என்று சுவரில் விரல் வைக்கச் சொல்லுங்கள். பெயிண்டால் கோடு போடுங்கள். அதற்கு ஒன்றரை அடி மேலேதான் மின்சாரப் பலகை, மோட்டார், பிசின் டிரம், மரக்கிடங்கு, சான்றிதழ் அலமாரி எல்லாம். தரையை மொத்தமாக உயர்த்த வேண்டாம். படகுத் தளத்துக்குத் தண்ணீர் வந்துபோனால் பெரிய நஷ்டமில்லை, கழுவிவிடலாம். மணக்குடிபோல மணல் சேர்ந்து பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) அடைபடும் ஆற்றுக்கரையில் இதேபோல் இடம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொழி முறிவதற்கு முந்தைய நாட்களில்தான் அங்கே தண்ணீர் மிக உயரமாக நிற்கும்.

கூரையில் ஓடு உடைந்திருப்பது பெரிய விஷயமே இல்லை. ஓட்டைத் தாங்கும் சாய்மரமான கழுக்கோலின் நுனி சுவரில் உட்காரும் இடம்தான் உயிர்நிலை. ஏணி வைத்து ஏறி, நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றால் ஒவ்வொரு கழுக்கோல் நுனியையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று திருப்பி அடிக்கும், முனை இறங்காது. கெட்ட மரத்தில் சத்தமே வராது, கம்பி இரண்டு அங்குலம் உள்ளே போய் ஈரத்தூளோடு வெளியே வரும். மேல்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே கறுத்திருக்கும். சுண்ணாம்பால் கெட்டதில் பெருக்கல் குறி போடுங்கள். கெட்டவை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நுனியை மட்டும் வெட்டி, புதுத் துண்டு சேர்த்து போல்ட் போடலாம். இந்த ஒட்டு வேலையை மாமா கையாலேயே செய்யச் சொல்லுங்கள், பள்ளியின் முதல் பாடமாகப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

சுவரில் உப்பு பூத்து உதிரும் இடத்தில் சிமென்ட் பூசாதீர்கள். வெட்டுக்கல் உள்ளே குடிக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போய், இரண்டு மழையில் பூச்சு வயிறு வீங்கி விழும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி.

அடுத்து, கதவு. நம் பக்கம் கட்டும் 30 அடி வள்ளத்துக்கு அகலம் 7 அடிபோல வரும். தள்ளுவண்டியோடு வெளியே எடுக்க 12 அடி அகலம், 12 அடி உயரம் வேண்டும். அந்த வாசலை ஆற்றைப் பார்த்த குறுக்குச் சுவரில் திறங்கள். இத்தகைய குடோன்களில் கூரைப் பாரம் பெரும்பாலும் நீளவாக்குச் சுவர்களில்தான் இறங்கும், அவற்றில் கைவைக்கக் கூடாது. எதையும் வெட்டும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். வாசலுக்கு வெளியே படகு திரும்ப இடமிருக்கிறதா என்று கயிறு பிடித்து அளந்து பாருங்கள். நான் யோசனை சொன்ன ஓரிடத்தில் இதை அளக்காமல் விட்டோம். படகு முடிந்த அன்று மதில் ஒன்றை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அந்தச் செலவு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

32 அடி அகலத்தில் இரண்டு படகு பக்கம் பக்கமாக நிற்கலாம், சுற்றிலும் 6 அடி நடைவழி கிடைக்கும். நீளத்தைப் பார்த்தால் நான்கு வைக்கத் தோன்றும். வேண்டாம், இரண்டு போதும். மிச்சப் பாதியில் 35 அடிக்கு ஒரு சமதளமான பலகைத் தரை போடுங்கள், வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். படகின் கோடுகளை முழு அளவில் அதில் வரைய வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் ஆசாரிமார் காகிதத்தில் படம் வரைவதில்லை. ஒரு நூல், சில குறிக்கம்பு, கண். படகின் முன்முனையான அணியத்தின் வளைவு எவ்வளவு என்று கேட்டால் கையை வளைத்துக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு அவர்களோடு போய்விடும். மாமா கட்டும் வள்ளத்தில் இரண்டு அடிக்கு ஒரு இடமாக அகலமும் உயரமும் எடுத்து, அந்த வெள்ளைத் தரையில் புள்ளி வைத்து, வளையும் மூங்கில் பிளாச்சு ஒன்றால் புள்ளிகளை இணைத்தால் அவர் கண்ணில் இருந்த கோடு தரையில் வந்துவிடும். அதிலிருந்து அச்சுப்பலகை வெட்டலாம், அதே படகை இன்னொருவர் கட்டலாம். பெரிய மரம் அருகிப்போய், கட்டுமரத்தின் இடத்தில் ஒட்டுப்பலகைப் படகு வந்த 1980-களில், பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் கோட்டாறு, முட்டம் பக்கம் மீனவர்களோடு இருந்து படகு படகாகக் கட்டி, கடலில் ஓட்டிப் பார்த்து, குறை கேட்டுத் திருத்தினார். ஒட்டுப்பலகைப் படகு இங்கே பரவியதில் அந்தப் பொறுமைக்குப் பெரிய பங்கு உண்டு.

பைபர் வேலையை, அதாவது கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துப் படகு செய்வதை, பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இன்றைக்கு வேலைவாய்ப்பு அதில்தான், சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் மர வேலை நடக்கும் கூடத்தில் வேண்டாம். மிச்சப் பாதியில் பலகைத் தரை போக மீதமுள்ள இடத்தைச் சுவர் வைத்துப் பிரித்துவிடுங்கள். பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படியும். ஆகவே காற்று உறிஞ்சும் விசிறி தரையை ஒட்டி இருக்க வேண்டும், மேலே வைத்தால் பாதி ஆவியை மூக்கு வழியாக இழுத்துத்தான் அனுப்பும். 31, 32 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவி அது. சித்திரை மாதம் ஓட்டுக்கூரைக்கு அடியில் அந்தச் சூடு காலை 10 மணிக்கே வந்துவிடும். பீடி, வெல்டிங், திறந்த சுவிட்சு எதுவும் அந்த அறையில் கூடாது.

கலக்கும் முறை: முதலில் பிசினில், அது இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கிளற வேண்டும். அது முழுக்கக் கலந்த பிறகுதான் பிசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், எடையில் 1 முதல் 2 சதவீதம். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். அதனால் இரண்டுக்கும் வேறு வேறு நிறக் குவளை, வேறு வேறு அலமாரி. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி இல்லாமல் யாரும் தொடக் கூடாது, பட்டுவிட்டால் அந்த நொடியே 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அறை வாசலில் குழாய் இருக்கட்டும். 18 வயது ஆகாத பிள்ளையை இந்த அறைக்குள் விடாதீர்கள், எவ்வளவு ஆர்வமாகக் கேட்டாலும் சரி. மழைக்காலத்தில் ஈரக்காற்றில் பிசின் சரியாக இறுகாது. ஐப்பசி, கார்த்திகையில் மர வேலையும் வரைபடமும், தை முதல் பைபர் என்று பாடத்தை அமைத்துக்கொள்ளுங்கள். இந்த அறைக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவையும், தீயணைப்புத் துறையின் யோசனையையும் முன்னதாகவே கேளுங்கள்.

மரத்துக்கு அயனி கிடைத்தால் நல்லது, விலைதான் கடி. பயிற்சிக்கு ரப்பர் மரத்தைப் பாருங்கள். குலசேகரம் பக்கம் பால் வற்றி வெட்டும் மரம் நிறையக் கிடைக்கிறது. அப்படியே விட்டால் சீக்கிரம் பூஞ்சணமும் வண்டும் தின்றுவிடும். மருந்தூட்டி, மேலே பைபர் உறை போட்டு அதில் சிறு படகு செய்யும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

பாடத்திட்டத்தை நீங்களும் மாமாவும் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கவிழ்ந்தாலும் முழுகாதபடி, இருக்கைப் பலகைக்கு அடியிலும் அணியத்திலும் மிதப்பு அறை வைத்து அடைப்பது எப்படி என்று ஒவ்வொரு மாணவனும் தன் கையால் செய்து பழக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்து உயிரோடு வந்தவர்கள் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முதல் வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

கட்டிய படகை விற்பதாக இருந்தால், கட்டத் தொடங்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். குடோனைப் பள்ளியாக்குவதால் ஏற்படும் பயன்பாட்டு மாற்றத்துக்கு உள்ளாட்சி அலுவலகமும் நகர் ஊரமைப்பு அலுவலகமும்.

கடைசியாக, ஆற்றுக்குள் கான்கிரீட் சாய்தளம். முதல் இரண்டு வருடம் அதை நினைக்கவே வேண்டாம். ஆற்றுப்படுகையில் கான்கிரீட் என்றால் நீர்வளத் துறை, சி.ஆர்.இசட். என்று கோப்பு நீண்டுகொண்டே போகும், பள்ளி அதற்காகக் காத்திருக்கும். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். 10 அடிக்கு ஒரு அடி சரிவாக மண்கரை இருந்தால் தென்னந்தடி உருளை நாலும் ஒரு தள்ளுவண்டியும் போதும், ஏற்றம் பார்த்து 15 பேர் தோள்கொடுத்தால் வள்ளம் இறங்கிவிடும். மாமாவுக்கு அந்த வேலை தெரியும்.