ரெஜிஸ்டரில் மைதானம் வந்தது ஏழாவது வருஷம்

(2011 முதல் 2022 வரை கத்தாரில் ஒரு சப்-கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்த பரமக்குடிக்காரர், உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அந்த நாடு தயாரான கதை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறார்.)

உலகக் கோப்பை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் ஒரு நாடு முதலில் செய்கிற வேலை என்ன? மைதானத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். 2010 டிசம்பர் 2-ம் தேதி சூரிச்சில் நடந்த ஓட்டெடுப்பில், கடைசிச் சுற்றில் அமெரிக்காவை 14-க்கு 8 என்று கத்தார் ஜெயித்தது. அடுத்த வருடம் தோஹாவில் இறங்கினேன். ஆனால் என் ஸ்டோர் ரெஜிஸ்டரில் மைதானத்தின் பெயர் ஏறியது 2018-ல்தான். அதுவரை நான் எடுத்துக் கொடுத்த நட்டும் போல்ட்டும் கேபிளும் ரோட்டுக்கும் சாக்கடைக்கும், அப்புறம் மெட்ரோவுக்கும் போனவை.

காரணம் எளிது. எட்டு மைதானங்களில் ஒன்றுக்கொன்று மிகத் தூரமானவற்றுக்கு நடுவே சுமார் 75 கிலோமீட்டர்தான். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 நாட்டு ரசிகர்களும் அதற்குள்ளேயே ஒரு மாதம் அலைய வேண்டும். ஒரே நாளில் நாலு ஆட்டம் நடந்தால் பஸ்ஸும் காரும் மட்டும் போதாது. அதனால் பூமிக்கு அடியில் இறங்கினார்கள். ஒரே திட்டத்தில் 21 சுரங்கம் தோண்டும் இயந்திரங்களை ஒரே நேரத்தில் ஓட்டி, கின்னஸில் பெயர் வாங்கினார்கள். மூன்று வழித்தடம், 37 ஸ்டேஷன், ஓட்டுநர் இல்லாத ரயில். முதல் ரயில் ஓடியது 2019 மே மாதம். புது விமான நிலையம் 2014-லேயே வந்துவிட்டது.

22,000 கோடி டாலர் செலவு என்று படித்திருப்பீர்கள். ரயில், ரோடு, துறைமுகம், லுசைல் என்ற முழுப் புது நகரம் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். மைதானங்களின் பங்கு அதில் பத்தில் ஒன்றுகூட இல்லை.

2017-ல் பக்கத்து நாடுகள் எல்லையை மூடினவே, வேலை நின்றுபோனதா?
– ஒரு வாசகி, திருச்சி

நிற்கவில்லை. ஆனால் என் தலைமுடி நரைத்தது அந்த வருஷம்தான்.

ஜூன் 5-ம் தேதி. நோன்பு மாதம். சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நாலும் உறவை முறித்துக்கொண்டன. கத்தாருக்குத் தரைவழி என்று இருப்பது சவூதி பக்கம் ஒன்றே ஒன்று, அபு சம்ரா. அன்று இரவே சூப்பர் மார்க்கெட்டுகளில் ஜனம் வண்டி வண்டியாக அரிசியும் கோழியும் அள்ளியது. எனக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் கேபிள் ட்ரே (ஒயர்களைத் தாங்கிப் போகிற நீளத் தட்டு), அதன் மூடி, பிராக்கெட் எல்லாம் துபாய் சப்ளையரிடமிருந்து லாரியில் வருபவை. மூன்று லாரிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன. ஃபோர்மேன் தினமும் காலை ஐந்து மணிக்கு ஸ்டோர் ஜன்னலில் முகத்தை வைத்து, “வந்துச்சா?” என்பார். நான் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டுவேன். வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று ஒரு பக்கம் முழுக்க என் கையெழுத்து.

பிறகு சரக்கு ஓமனில் சோஹார் வழியாகக் கப்பலில் வர ஆரம்பித்தது. ஹமாத் துறைமுகம் அந்த நேரத்தில் தயாராக இருந்தது பெரிய அதிர்ஷ்டம். விலை ஏறியது, அளவும் மாறியது. துபாய் ட்ரேக்கு வேறு ஊர் மூடி பொருந்தாது. கிரைண்டரில் வெட்டி, உரசி, உட்கார வைத்தோம். இந்த மூடி கதை கடைசியில் மறுபடி வரும்.

சவூதி பால் நின்று துருக்கிப் பால் வந்தது. பாக்கெட்டில் ‘சூட்’ என்று போட்டிருக்கும். அவர்கள் மொழியில் பாலுக்கு அதுதான் பெயராம். எங்கள் மெஸ் சமையல்காரர் மாதக்கணக்கில், “சூட்டைச் சூடு பண்ணட்டுமா?” என்று கேட்டுக் கொன்றார்.

திறந்தவெளி மைதானத்துக்கு ஏசி போட முடியுமா? காற்று மேலே போய்விடாதா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

குளிர்ந்த காற்று கனமானது தம்பி, கீழேதான் கிடக்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிற மாதிரி. சீட்டுக்கு அடியில் சின்னத் துவாரங்கள், தரையோரம் பெரிய குழல்கள். அவற்றின் வழியாகக் குளிர்க்காற்றை விடுவார்கள். சூடானதை உறிஞ்சி, வடிகட்டி, மறுபடி குளிர்வித்து அனுப்புவார்கள். வெளிக்காற்று உள்ளே புகாதபடி கூரையை வளைத்திருப்பார்கள். கத்தார் பல்கலைக்கழகப் பேராசிரியர் சவுத் அப்துல் கனியின் வேலை இது. ‘டாக்டர் கூல்’ என்றே பத்திரிகைகள் எழுதின. எட்டில் ஏழு மைதானங்களில் இது உண்டு. 974 கப்பல் கன்டெய்னர்களை வைத்துக் கட்டிய மைதானத்தில் மட்டும் இல்லை; அதற்குக் கடல் காற்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். (974 அந்த நாட்டின் டெலிபோன் கோடும்கூட.)

டெஸ்டிங் நடந்த ஒரு நாள், குளிர்நீர்க் குழாயில் இன்சுலேஷன் சுற்றாமல் ஒரு முழம் மிச்சம் இருந்தது. வெளியே ஜூலை வெயில். பையன்கள் வரிசையில் நின்று, ஆளுக்குக் கொஞ்ச நேரம் அந்தக் குழாயில் கன்னத்தை வைத்து எடுத்தார்கள். ஃபோர்மேன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவரும் வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. கோடையிலேயே நடத்துவோம், ஏசி இருக்கிறது என்று சொல்லித்தான் போட்டியை வாங்கினார்கள். 2015-ல் பிஃபா அதை நவம்பர், டிசம்பருக்குத் தள்ளிவிட்டது. குளிர்காலத்தில் ஏசி!

பீர் கிடைத்ததா?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

மைதானத்தில் விற்கலாம் என்றிருந்ததை, போட்டி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தடுத்துவிட்டார்கள். எனக்கு வழக்கம்போல கரக் டீ கிடைத்தது.

6,500 தொழிலாளர்கள் இறந்துபோனார்களாமே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை

ஐயா, இதற்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த எண் கார்டியன் நாளிதழில் 2021 பிப்ரவரியில் வந்தது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து போய், போட்டி கிடைத்த பிறகான பத்து ஆண்டுகளில் கத்தாரில் இறந்தவர்களின் கணக்கு அது. எந்த வேலை, என்ன காரணம் என்று பிரிக்காதது. மைதானம் கட்டும்போது வேலையால் இறந்தவர் 3 பேர், வேறு காரணத்தால் 37 பேர் என்றது அமைப்புக் குழு. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல் தவாதி ஒரு டிவி பேட்டியில், போட்டி தொடர்பான வேலைகளில் 400-லிருந்து 500 என்றார். மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் சண்டை போடுகிறோம்.

2016 ஆகஸ்டில் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில்காரர், தெலங்கானா பக்கத்து ஷட்டரிங் கார்பென்டர், விடியற்காலை மூன்றரை அலாரத்துக்கு எழவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. தூங்கட்டும் என்று நான்தான் அதை நிறுத்தினேன். வயது 34. காகிதத்தில், இதயம் நின்றது, இயற்கை மரணம் என்று எழுதினார்கள். இயற்கை என்று வந்துவிட்டால் வேலைக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை, நஷ்டஈடு கிடையாது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. முந்தின நாள் அவர் எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார் என்பது டைம்கீப்பர் நோட்டில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கம்பெனி பெட்டிக்கும் டிக்கெட்டுக்கும் பணம் கட்டியது. கேம்பில் வசூல் செய்து நாங்கள் கொஞ்சம் அனுப்பினோம்.

மாற்றம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். 2020-ல் முதலாளியிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்காமலேயே வேறு வேலைக்கு மாறலாம் என்று ஆனது. 2021 மார்ச்சில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் அமலானது. அந்தக் கோடையிலிருந்து, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெளிவேலை கூடாது என்றார்கள். முன்பு அது 11.30-லிருந்து 3 வரைதான். பெரிய வேலைகள் முக்கால்வாசி முடிந்த பிறகு வந்த சட்டங்கள் இவை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

வந்த கூட்டத்தை எங்கே படுக்க வைத்தார்கள்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல்களை நிறுத்தி, அதை ஹோட்டலாக்கினார்கள். பாலைவனத்தில் கூடாரம், கன்டெய்னர் மாதிரி அறைகள். துபாயில் தங்கி, காலையில் விமானத்தில் வந்து ஆட்டம் பார்த்து, ராத்திரி திரும்பியவர்களும் உண்டு. பள்ளிக்கூடங்களுக்கு லீவு, அரசு ஊழியர்களில் பெரும்பகுதிக்கு வீட்டிலிருந்து வேலை. நகர மையத்தில் சில கட்டடங்களில் குடியிருந்த நம்மாட்களைப் போட்டிக்கு முன் காலி செய்யச் சொன்னதும் நடந்தது.

கட்டிய மைதானங்கள் இப்போது சும்மா கிடக்கின்றனவா?
– ஒரு வாசகர், மதுரை

எல்லாம் இல்லை. 2024 ஜனவரி, பிப்ரவரியில் ஆசியக் கோப்பை அங்கேதான் நடந்தது. சீனா கைவிட்டதால் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் ஜோர்டானை 3-1 என்று வென்றார்கள். அக்ரம் அஃபீஃப் மூன்றையும் பெனால்டியில் அடித்தார். ஆனால் இருக்கிற கத்தாரிகள் சுமார் மூன்று லட்சம் பேர். லுசைல் மைதானத்தில் மட்டும் 88,000 சீட். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நீங்கள் ஒரு ஆட்டமாவது பார்த்தீர்களா?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

பார்த்தேன். அங்கே குடியிருப்பவர்களுக்கு என்று 40 ரியாலில் டிக்கெட் இருந்தது. நவம்பர் 21, அல் துமாமா மைதானம், செனகல் – நெதர்லாந்து. அரபு ஆண்கள் தலையில் போடும் வெள்ளைத் தொப்பி மாதிரி இருக்குமே, அதுதான். நான் ரெஜிஸ்டரில் முதலில் எழுதிய மைதானமும் அதுதான்.

முக்கால் ஆட்டத்துக்கு மேல் கோலே இல்லை. எனக்கு ஒரே அரிப்பு. டாய்லெட் என்று சொல்லிவிட்டு எழுந்து, மேல் நடைபாதையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தேன். மிச்சமிருந்த மூடிகளை இங்கே வெட்டிப் போட்டிருந்தோம். ஒரு மூடியின் ஓரம் கோணலாக இருந்தது. பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அப்போதுதான் உள்ளே பெரும் இரைச்சல். 84-வது நிமிடம், நெதர்லாந்தின் கக்போ கோல். ஓடிவந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த கென்யா பையன், “எங்கே போனாய்?” என்றான். என்ன சொல்வது? க்யூ என்று சொல்லிவைத்தேன்.