மழைக்காலத்தில் வீட்டுச் செடிகள்: வாசகர் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஹாலில் உள்ள மணி பிளான்ட் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வாரம் மூன்று முறை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம். உரம் போதவில்லையா?
– வாசகி, தாம்பரம்

உரம் காரணமில்லை, தண்ணீர்தான் அதிகம். மே மாதத்தில் இரண்டு நாளில் காய்ந்த அதே மண், இப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஈரம் காக்கும். வெளிச்சம் குறைவு, காற்றிலும் ஈரம். அதனால் இலை நீரை வெளியேற்றுவதும் வேர் உறிஞ்சுவதும் தளர்ந்துவிடும். தேங்கிய நீர் மண் இடுக்குகளில் உள்ள காற்றை வெளியேற்ற, வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை இழுக்க முடியாது, இலை வாடும். அந்த வாட்டத்தைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவதால்தான் மழைக்காலத்தில் இத்தனை செடிகள் சாகின்றன.

செடியைத் தொட்டியிலிருந்து மண்ணோடு கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாக வழவழக்கும். மெல்ல இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வர, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அவற்றை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நறுக்கிவிட்டு, செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1, மண்புழு உரம் 1 என்ற கலவையில் நடுங்கள். தொட்டி முன்பைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் அப்படியே நிற்கும். நர்சரிகளில் தென்னை நார்க்கழிவு மட்டுமே நிரப்பித் தருவது வழக்கம். வெயில் காலத்துக்கு அது சரி, மழைக்காலத்தில் வீட்டுக்குள் வைக்க ஏற்றதல்ல.

இனி நாள் கணக்கு வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்; மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து அடித்தட்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். தேங்கவிட்டால் டெங்கு கொசுவுக்கும் அதுவே வீடு. புதுத் துளிர் வரும்வரை உரம் போடாதீர்கள். வேர் முழுதும் போயிருந்தாலும் கவலை வேண்டாம், கணுவோடு ஆறு அங்குலக் கொடியை நறுக்கித் தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும்.

தொட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள். மருந்து அடிக்கலாமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். இதன் புழுக்கள் மேல்மண் ஈரத்தில் வளர்பவை. மேல்மண் ஓரங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், மேலே அரை அங்குலம் பருமணல் பரப்புங்கள், பறக்கும் ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை வையுங்கள். முட்டையிலிருந்து ஈயாக மூன்று, நான்கு வாரம் ஆகும் என்பதால் ஒரு மாதமாவது இதை விடாமல் செய்ய வேண்டும்.

குன்னூரில் இருக்கிறோம். ஆப்பிரிக்கன் வயலட் இலைகளில் வெளிறிய வளையங்கள் விழுந்துள்ளன. பூஞ்சை நோயா?
– வாசகி, குன்னூர்

பெரும்பாலும் குளிர்ந்த நீரால் வந்த காயம். அறைச் சூட்டில் இருக்கும் இலைமீது குழாய்த் தண்ணீர் சில்லென்று பட்டால், அந்த இடத்துப் பச்சையம் சிதைந்து வளையம் விழும். தழும்பு மறையாது, புது இலைகளைக் காப்பாற்றலாம். தண்ணீரை முந்தைய இரவே பிடித்து அறைக்குள் வையுங்கள். மேலிருந்து ஊற்றாமல், ஓரங்குலத் தண்ணீர் உள்ள தட்டில் தொட்டியை இருபது நிமிடம் வைத்து எடுங்கள். மார்கழி, தை இரவுகளில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்க வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே இந்தச் செடி தளர்ந்துவிடும்.

பால்கனியில் அடீனியம் இலை முழுவதையும் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?
– வாசகர், வேளச்சேரி

அடிக்கிழங்கை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் குளிர்கால ஓய்வுதான். மழை படாத இடத்துக்கு மாற்றி, மண் அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். மெத்தென்று அமுங்கினால் அழுகல். இன்றே பிடுங்கி, வெட்டுப்பரப்பில் பழுப்பே தெரியாத வரை சீவுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் குழைத்துப் பூசி, நிழலில் ஒரு வாரம் காயவைத்த பிறகு, பாதிக்கு மேல் மணல் கலந்த மண்ணில் நடலாம்.