நடிகர்கள் கேட்கிறார்கள்: வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: ஏஜென்ட் மூலம் ஓரிரு நாள் வேலைக்குப் போகும் துணை நடிகை நான். படப்பிடிப்பில் ஒருவர் அத்துமீறினார். தட்டிக்கேட்டபோது, “நீ கம்பெனி ஊழியரே இல்லை, யாரிடம் புகார் கொடுப்பாய்?” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் சொல்வது சட்டப்படி தவறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், தினக்கூலிக்கு வருபவரையும், ஏஜென்ட் வழியாக வருபவரையும், சம்பளமே பெறாமல் வேலை செய்பவரையும் ஊழியர் என்றே கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதோர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவும் ஒரு பணியிடமே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும், அதே மத்தியச் சட்டத்துக்கான விளக்கம் என்பதால் அதை இங்கும் எடுத்துக்காட்டலாம். ஆட்கள் குறைவு என்றாலோ, புகாரே தயாரிப்பாளர்மீது என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் வரை குழு அனுமதிக்கலாம். பலர் அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்று அஞ்சியே இந்தக் காலக்கெடுவைத் தவறவிடுகிறார்கள். குழுவிடம் புகார் தந்திருந்தாலும் காவல் நிலையத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: எட்டு வயது மகனைத் தொடரில் நடிக்க அழைக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் பெற்றிருக்கிறாரா என்று பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, இடைவேளையின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலோ, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேலோ குழந்தையை நடிக்க வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போடப்பட வேண்டும். பெற்றோர்களே மறந்துவிடும் விதி இதுதான். பையனுக்கு விருப்பமில்லை என்றால் அத்துடன் பேச்சு முடிந்தது. விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைப்பதை விதிகளே தடுக்கின்றன.

கேள்வி: ஆடிஷனுக்குப் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வேலை தருபவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: “இன்றுள்ளதும் இனி வரவிருப்பதுமான எல்லாத் தொழில்நுட்பங்களிலும்” என் முகத்தையும் குரலையும் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்திடலாமா?

பதில்: அப்படியே இடாதீர்கள். படத்தில் நடிக்க எழுத்தில் சம்மதித்த பிறகு, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், அந்த நடிப்பைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நீங்கள் தடுக்க முடியாது. உங்கள் நற்பெயருக்குக் கேடு வரும்படி நடிப்பைத் திரித்தால் எதிர்க்கும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தருகிறது. ஆனால் எடிட்டிங்கில் காட்சியை வெட்டியதெல்லாம் இதில் சேராது. பெயரும் உருவமும் அனுமதியின்றிப் பயன்படுத்தப்படுவதற்கு எதிராக, ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடை விதித்தது. அந்தப் பாதுகாப்பு ஊரறிந்த முகங்களுக்கு எளிதில் கிடைக்கும். புதியவருக்கு ஒப்பந்த வாசகமே காவல். ஆகவே, “என் முகத்தையும் குரலையும் இந்தப் படத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம்; செயற்கை நுண்ணறிவால் என் உருவத்தையோ குரலையோ உருவாக்கத் தனிச் சம்மதமும் தனி ஊதியமும் தேவை” என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள், இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கால்ஷீட் கொடுங்கள்.