அம்மம்மாவின் தோடும் அப்பாவின் சாறமும்

கேள்வி: நான் பேராதனையில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். லீவுக்குத் திருகோணமலைக்கு வந்து ஆறு கிழமையாகிறது. கோட்டைக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. வெயிலுக்கு வெளியில் இறங்க ஏலாது. ஆனால் வீட்டுக்குள் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பகிடி நடக்கிறது. கச்சான் காற்று அப்பாவின் சாறத்தைக் கொடியிலிருந்து கிளப்பிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் போட்டுவிட்டது. குளித்துவிட்டு வந்த அப்பா துவாயோடு நின்று மதிலுக்கு மேலால் தடியை நீட்டும்போதுதான் பக்கத்து வீட்டு ரீச்சர் முற்றத்துக்கு வந்தா. இன்னொரு நாள் படலை திறந்து கிடந்ததால் மான் ஒன்று உள்ளே வந்து, அம்மா விறாந்தையில் வைத்த கீரைக்கட்டைப் பையோடு இழுத்துக்கொண்டு போனது. அம்மம்மா கனடாவில் இருக்கும் மாமாவோடு வீடியோவில் கதைக்கும்போது போனைக் காதில் வைத்துக்கொள்வா. போன ஞாயிறு மாமா அரை மணித்தியாலம் அவவின் தோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் தோழிகளுக்கு வட்ஸ்அப்பில் குரலில் அனுப்பினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. எனக்கு எழுத வராதா? அம்மம்மாவைப் பற்றி எழுதிப் பேஸ்புக்கில் போட்டால் பிழையா? "வீட்டுச் சங்கதி படலை தாண்டக் கூடாது" என்கிறா அம்மா.
— பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் சிரித்தேன். இரண்டாம் தரம் மாமா தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றுவிட்டேன். மூன்றாம் தரம் அந்த ஒரு வரிக்காகவே வாசித்தேன்.

எழுத வராதா என்று கேட்கிறீர்கள். "மாமா அரை மணித்தியாலம் அவவின் தோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்" என்று எழுதின கைக்கு எழுத வரும். அந்த வரியில் 'சரியான பகிடி' என்று எங்கேயும் சொல்லவில்லை, சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு தோடும் அரை மணித்தியாலமும் மட்டும் இருக்கின்றன. எனக்கு ஆள் தெரியாது, வீடு தெரியாது. ஆனாலும் போன் திரை முழுக்க ஒரு வயோதிபக் காதும் அதில் ஆடுகிற தோடும் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. என்னிடம் கடிதமாக எழுதும்போது இயல்பாக வந்தது, 'எழுத்து' என்று நினைத்து உட்கார்ந்தபோது ஒளித்துக்கொண்டது. நடந்தது அவ்வளவுதான் என்று நம்புகிறேன்.

குரலில் சொல்லும்போது ஏன் எடுபடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அம்மம்மாவின் குரலை நீங்கள் அப்படியே எடுத்துப் பேசுவீர்கள். சொல்ல வேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு கணம் நிற்பீர்கள். கேட்கிறவள் உங்கள் அறைத்தோழி. உங்கள் வீட்டுக் கதை பாதி அவளுக்கு முன்னமே தெரியும். எழுத்தை வாசிக்கிறவருக்கு இந்த மூன்றும் இல்லை. அதை ஈடுகட்டத்தான் நீங்கள் எடுத்த எடுப்பிலேயே "இண்டைக்கு எங்கட வீட்டில ஒரு பெரிய பகிடி" என்று தொடங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படித் தொடங்கினால் வாசிக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு, எங்கே சிரிக்க வை பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுவார். அந்த வரியை வெட்டிவிடுங்கள். கொடியில் சாறம் காய்கிறது என்று தொடங்குங்கள்.

சாறக் கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'கச்சான் தூக்கிக்கொண்டு போனது' என்றால் எங்கள் ஊரில் விளக்கம் வேண்டாம். வெளியூர்ப் பிள்ளைக்குக் கச்சான் என்றால் கோயில் திருவிழாவில் சுருள் சுருளாக விற்கிற கடலை. கடலை எப்படிச் சாறத்தைத் தூக்கும் என்று அவள் நிற்பாள். அதற்காக நடுவில் நிறுத்திப் பாடம் நடத்தத் தேவையில்லை. நீங்கள் படிக்கிற இடத்தையே பயன்படுத்தலாம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போன பிறகு, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. பேராதனையில் உங்கள் தோழிகள் குடை பிடிக்கிற அதே காற்றுத்தான் இங்கே அப்பாவின் சாறத்தை முருங்கையில் போட்டது. இதை ஒரு வரியில் சொல்லுங்கள். தோழிகள் தங்கள் குடையையும் அப்பாவின் சாறத்தையும் ஒன்றாகப் பார்ப்பார்கள்.

அந்தத் தடி என்ன தடி? முருங்கைக்காய் பிடுங்குகிற கொக்கத்தடியா, ஒட்டடைத் தடியா? சாறம் என்ன நிறம், கட்டம் போட்டதா? அப்பா இன்னொரு கையால் துவாயைப் பிடித்திருந்தாரா? ரீச்சர் என்ன சொன்னா? இவற்றை எழுதவில்லை நீங்கள். ஒன்று மட்டும் கவனம்: ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி உள்ளே போயிருந்தால் அப்படியே எழுதுங்கள். சுவைக்காக அவர் வாயில் ஒரு வசனத்தைச் செருக வேண்டாம். வீட்டுக் கதைகளுக்கு உப்புப் புளி சேர்க்கத் தொடங்கினால் ஒரு வருடத்தில் எது நடந்தது, எது நாம் சேர்த்தது என்று நமக்கே தெரியாமல் போகும்.

இதற்கெல்லாம் அன்றிரவே எழுதிவிட வேண்டும். ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். படுக்கப்போகுமுன் ஐந்து வரி போதும்: ஆர் இருந்தார்கள், எந்த இடம், கையில் என்ன இருந்தது, வாயிலிருந்து வந்த சொல் என்ன. அழகாக எழுதுவது பிறகு. வாயிலிருந்து வந்த சொல்தான் முதலில் மறந்துபோவது.

எனக்கு அப்படி ஒன்று போய்விட்டது. கிண்ணியாவுக்குப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன்னால் துறையில் நின்று 'பாதை'யில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கண்டியிலிருந்து வந்த மச்சாளையும் கூட்டிக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போகிறோம். அப்பா துறையில் நின்ற ஒருவரிடம் "பாதை எங்க?" என்று கேட்டார். "பாதை அங்கால போயிட்டுது, இப்ப வரும்" என்றார் அவர். மச்சாள் றோட்டைத் திரும்பிப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் சேட்டைப் பிடித்து இழுத்து, "மாமா, பாதை எப்பிடிப் போகும்?" என்று கேட்டாள். அதற்கு அப்பா ஒரே ஒரு வசனம் சொன்னார். துறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தயிர்ச்சட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு மனிசன் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. அப்பா சொன்ன வசனம் மட்டும் நினைவில் இல்லை. மச்சாளுக்கும் இல்லை. இன்றைக்கு அப்பாவும் இல்லை, பாலம் வந்தபின் அந்தப் பாதையும் இல்லை. அன்றிரவு கொப்பியில் ஒரு வரி எழுதியிருந்தால் அது என்னிடம் இருந்திருக்கும்.

இதெல்லாம் எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமா என்ற தயக்கமும் உங்கள் கடிதத்தில் எங்கோ தெரிகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். ஆளுநரோடு பேசியது, சண்டை, கப்பல் வந்தது, சரக்கு விலை, ஊர் வதந்தி, வீட்டில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் அதில் இருக்கின்றன. எழுதியதும் அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ் கலந்த நடையில். இன்றைக்கு வரலாறு படிக்கிறவர்கள் அதைத் தேடி வாசிக்கிறார்கள். அன்றைய மனிதர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதும் அதனால்தான் நமக்குத் தெரிகிறது. ஆகவே அம்மம்மா பேசுகிற இடத்தில் அவர் பேச்சையே விடுங்கள். "எடேய் தம்பி, சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டிருந்தால் அதை "மகனே, உணவருந்தினாயா" என்று திருத்திவிடாதீர்கள். எழுதினது சப்பென்று போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளிக்கூடக் கட்டுரைக்குப் பழகின கை, எல்லோரையும் ஒரே மாதிரிப் பேசவைத்துவிடும்.

மான் கதையை நான் பின்னுக்கு வைப்பேன். கோட்டைப் பக்கத்து மான்கள் பஸ் நிலையம் வரைக்கும் உலாத்துகிற ஊர் இது. கீரைக்கட்டைப் பறிகொடுக்காத வீடு நம் ஊரில் குறைவு. உங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்ன என்று தேடுங்கள். அம்மா அந்த மானைப் பார்த்து என்ன சொல்லிக் கத்தினா என்பதில் இருக்கலாம். ஆனால் எனக்கு அதில் வேறொரு கவலை: பையோடு என்று எழுதியிருக்கிறீர்கள். பையைத் திருப்பி வாங்கினீர்களா? மான் பொலித்தீனைத் தின்றால் அது வயிற்றில் செரியாமல் தங்கி உயிருக்கே வினையாகும். கீரையை அது தின்னட்டும். பையை மட்டும் எப்படியாவது பிடுங்கிவிடுங்கள், விறாந்தையில் இனிப் பை வைக்காதீர்கள்.

அடுத்தது அம்மாவின் பேச்சு. அம்மா சொல்வதில் பாதி சரி. இது சின்ன ஊர். பேஸ்புக்கில் போட்டதை நீங்கள் பிறகு அழித்தாலும் யாரோ ஒருவரின் போனில் அது படமாகக் கிடக்கும். லண்டனில் ஒரு சித்தி வாசித்து, கொழும்பில் ஒரு மாமிக்குச் சொல்லி, அவ கோயிலடியில் அம்மம்மாவைக் கண்டபோது "என்ன, போனைக் காதில வச்சனீங்களாம்" என்று கேட்டால் என்ன ஆகும்? நீங்கள் அன்போடு எழுதியது அவரிடம் கேலியாகப் போய்ச் சேரும். பிள்ளை தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிச் சிரிக்கிறாள் என்ற எண்ணம் ஒரு முறை விழுந்துவிட்டால், அதன் பிறகு உங்களுக்கு முன்னால் போனை எடுக்கவே அவர் கூச்சப்படுவார். அது நடக்கக் கூடாது.

ஆனால் எழுதுவதை விடச் சொல்ல மாட்டேன். எழுதுங்கள். எழுதினதை முதலில் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பின்னேரம், தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து முழுக்க வாசியுங்கள், எதையும் விடாமல். நடுவில் அவர் சிரித்து, "அது ஞாயிறு இல்லையடி, சனி" என்று திருத்தினாரென்றால் கதை அவருடையதும் ஆகிவிட்டது, போடலாம். பேசாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தால் கொப்பியை மூடிவிடுங்கள், ஏன் என்று கேட்கவும் வேண்டாம். அவர் சரி என்ற பிறகும் ஒரு கிழமை பொறுங்கள். அவருடைய படத்தைப் போடாதீர்கள். ரீச்சரின் கதைக்கும் இதே ஒழுங்குதான், அப்பாவுக்கும்தான். துவாயோடு நின்றவர் அவர்.

கடைசியாக, அந்தத் தோடு.

அம்மம்மா ஏன் போனைக் காதில் வைக்கிறார்? வீடியோ என்றால் என்னவென்று தெரியாமல் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பக்கக் காது மந்தமாக இருக்கலாம். மகனின் முகத்தைப் பார்ப்பதா, குரலைக் கேட்பதா என்று வரும்போது அவர் குரலை எடுத்துக்கொள்கிறார் போலும். மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அதுதான் காரணம் என்றால் காது பார்க்கிற டொக்டரிடம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். போனுக்கு ஒரு நல்ல இயர்போனும் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் பேராதனைக்குத் திரும்புமுன் அவருக்குப் பழக்கிவிட வேண்டும்.

மாமாவிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. "அம்மா, போனை முகத்துக்கு நேர பிடியுங்கோ" என்று அவர் ஒரு தரமாவது சொல்லியிருக்க வேண்டும். அரை மணித்தியாலம் சொல்லாமல் இருந்திருக்கிறார். சொல்லி அலுத்துவிட்டாரா, அல்லது அந்தத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கே விருப்பமா? அது அவர் சின்னவனாக இருந்தபோதும் அம்மம்மா போட்டிருந்த தோடா? இரவில் அழைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை அன்றே கொப்பியில் எழுதுங்கள், அவர் சொன்ன சொல்லிலேயே.

எழுதி முடித்து, அம்மம்மாவும் சரி என்றால், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தோட்டில் கல் இருக்கிறதா, இருந்தால் என்ன நிறம் என்று மறக்காமல் எழுதுங்கள்.