குனிந்த உருவம் சூளையில் வெடித்தது ஏன்?

கும்பகோணம் வண்டல் மண்ணில் துக்கத்தைக் காட்டும் குனிந்த உருவம் செய்தீர்கள், சூளையில் வெடித்தது, சுவர் 4 செ.மீ. கனம் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு அந்தக் கனத்தில்தான். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி உடைத்திருக்கிறது. அய்யனார் குதிரை மாதிரி உள்ளே கூடாக, 1 முதல் 1.5 செ.மீ. கனத்தில் எழுப்புங்கள். ஆவி வெளியேற அடியில் பென்சில் நுழையும் ஓட்டை விடுங்கள். டெல்டா மண் நைசு, காயும்போது நிறையச் சுருங்கும். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேருங்கள். உருவம் வளையும் இடத்தில்தான் முதல் கீறல் விழும், அங்கே ஈரத்துணி சுற்றி, இரண்டு வாரம் நிழலில் காய விடுங்கள். கன்னத்தில் வைத்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சூளையில் முதல் சில மணி நேரம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம்.

கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சைப் பூசாதீர்கள், பளபளப்பு துக்கத்தைக் கெடுத்துவிடும். கட்டைவிரல் தடத்தை வழிக்காமல் விடுங்கள். குனிவு தலையில் அல்ல, முதுகில் தொடங்கட்டும்.