பச்சை அட்டையை நம்பலாமா?

கேள்வி: நான் வாங்கிய சட்டையில் 'இயற்கைக்கு உகந்தது' என்ற பச்சை அட்டை தொங்கியது. அந்த நிறுவனம் தொழிலாளர்களையும் நியாயமாக நடத்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்தையலில் இருக்கும் சிறு துணிப் பட்டையைப் பாருங்கள். இலைப் படம் போட்ட அட்டையை நம்பி நானும் ஒரு சட்டை வாங்கினேன். உள்பட்டையில் 'பாலியஸ்டர் 60 சதவீதம்' என்றிருந்தது. அன்றிலிருந்து அட்டையை நான் படிப்பதே இல்லை.

முத்திரைகளும் எல்லாம் ஒன்றல்ல. 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100' துணியில் தீங்கான ரசாயனம் உண்டா என்று சோதிக்கிறது; தைத்தவரின் கூலியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இயற்கை வேளாண் துணிகளுக்கான உலகத் தரமான 'காட்ஸ்' (GOTS) முத்திரைக்கோ குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் இழை வேண்டும். சாயக் கழிவுநீருக்கும் தொழிலாளர் நிலைக்கும் அதில் விதிகள் உண்டு.

ஆனாலும் நான் முதலில் தேடுவது, நிறுவனம் தன் துணிகளைத் தைக்கும் ஆலைகளை வெளியிட்டிருக்கும் பட்டியலைத்தான். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே எந்த நிறுவனங்களுக்காகத் தைத்தார்கள் என்பதை அறிய, இடிபாடுகளில் கிடந்த லேபிள்களைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. ஆலைகளை முகவரியோடு வெளியிடாத நிறுவனம் அறத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் எனக்குப் போதாது. மின்னஞ்சலில் நேராகவே கேளுங்கள்: இந்தச் சட்டை எந்த ஆலையில் தைக்கப்பட்டது? அங்கே தொழிற்சங்கம் இருக்கிறதா?